கொடுவாவுக்கு அடியில கொன்யாக்

உக்காருங்கப்பா, உக்காருங்க. அந்த ஓரத்துல குசுகுசுன்னு பேசுறவங்க, பேச்ச மடிச்சி இடுப்புல சொருகிக்குங்க, அப்புறமா எடுத்துக்கலாம். நம்ம முத்தியால்பேட்டை ராஜாங்கம் மானத்த வாங்கப் போறேன். நடுவுல அவரு வந்தா மட்டும் யாராச்சும் ஒரு இருமல் இருமுங்க. நான் மழையப் பத்திப் பேசிக்கிறேன்.

ராஜாங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷனோட ஊரு திரும்புன ஆளு. மீசை அங்க வெச்சது, தொப்பை இங்க வெச்சது. தெருவுல நடந்தா மாடு கூட ஒதுங்கி நிக்கும். வீட்டுப் படி ஏறுனா அவரு ஒதுங்கி நிப்பாரு. உள்ள ஜோசெத் அம்மா இருக்காங்க இல்ல, அவரு சம்சாரம். அவங்க சத்தம் போட்டு ஒருத்தரும் கேட்டதில்ல. சத்தம் என்ன, பேசவே மாட்டாங்க. இவரு பொழுதெல்லாம் பேசுவாரு, அவங்க "ம்"னுவாங்க. அந்த ஒரு "ம்"முக்கு இவரு வெறைப்பா நின்னு சலாம் போடுவாரு.

இவரோட பட்டாளத்துக் கூட்டாளி ஒருத்தரு உண்டு, ஷார்ல்னு பேரு. வயசுல சின்னவரு, இன்னும் சர்வீஸ்லதான் இருந்தாரு. எண்பத்தி ரெண்டுல அவரு லீவுல வந்தப்ப ரெண்டு பேரும் ஒரு பாட்டில காலி பண்ணாங்க. தப்பில்ல. பாட்டிலோட நிறுத்தியிருக்கலாம். ராஜாங்கம் நேரா தெருமுனைக்குப் போயி, பால்காரன் எருமைங்கள வரிசையா நிக்க வெச்சி, பிரெஞ்சுலேயே அணிவகுப்பு நடத்திட்டாரு. எருமைங்க நல்லாத்தான் நடந்துச்சாம். அன்னிக்கிப் பாத்து மாதா திருநாள். எதுத்தாப்புல ஊர்வலம் வருது. அந்தப் பக்கம் முன்னாடி சாமியாரு, இந்தப் பக்கம் முன்னாடி எருமை. யாரு வழி விடுறதுன்னு ரெண்டு பேரும் நின்னு பாத்துக்கிட்டாங்க.

மறுநாள் காலையில ஜோசெத் அம்மா புருஷன மாதா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி சத்தியம் வாங்கிட்டாங்க. "ஷார்ல் கையிலேர்ந்து இனிமே பாட்டில் வாங்க மாட்டேன்." இது போதுமான்னு கேப்பீங்க. போதும். ராஜாங்கத்துக்கு இருக்குறது பிரெஞ்சு நாக்கு. உள்ளூர் சரக்க மோந்து கூட பாக்க மாட்டாரு. பிரெஞ்சு சரக்கு ஷார்ல் கொண்டாந்தாத்தான் உண்டு. சத்தியத்த மீறுனாலோ, மாதா மீசைய உதுத்துடும்னு அவருக்கு உள்ளூற நடுக்கம்.

அடுத்த வருஷம் டிசம்பர்ல ஷார்ல் வந்தாரு. வாசல்ல நின்னுக்கிட்டு பையிலேர்ந்து கழுத்த மட்டும் காட்டுனாரு. ஷார்ல் கழுத்து இல்ல, பாட்டில் கழுத்து.

"அண்ணே, கொன்யாக். எங்க கப்பித்தேன் குடிக்கிறது."

கப்பித்தேன்னா பட்டாளத்துக் கேப்டன். கேப்டன் குடிக்கிற பிராந்தின்னதும் ராஜாங்கம் கை தானா நீண்டுச்சி. மீசை ஞாபகம் வந்து தானா மடங்கிடுச்சி. அப்பத்தான் அவருக்கு அந்த ரூலு ஞாபகம் வந்துச்சி.

என்னா ரூலு? சொல்றேன். இவங்க ரெண்டு பேரும் பனி மலையில இருந்தப்ப ஞாயித்துக்கிழமையானா ஐஸ் ஹாக்கி ஆடுவாங்களாம். உறைஞ்சி போன தண்ணி மேல, பூட்ஸுக்கு அடியில கத்திய கட்டிக்கிட்டு, மட்டையால ஒரு கறுப்பு ரப்பர் வில்லைய தள்ளிட்டுப் போயி எதிராளி வலையில சொருவறது. நம்ம ஊர்ல மீனுக்கு ஐஸ் போடுவாங்க. அங்க மனுஷனையே ஐஸ்ல போட்டாங்க. ஒரு ஆட்டத்துல ராஜாங்கம் குப்புற உழுந்து, உழுந்தவாக்குல வில்லைய உள்ளங்கையால தட்டி ஷார்லுக்குத் தள்ளுனாரு. ஷார்ல் கோல் போட்டாரு. ரெஃப்ரி விசில் ஊதி, செல்லாதுன்னுட்டான். கையால தள்ளுனத அதே கட்சி ஆளு வாங்கக் கூடாதாம். அன்னியிலேர்ந்து கல்யாணமோ கருமாதியோ, அந்த ரூல வெளக்கிச் சொல்லாம ராஜாங்கம் எலையிலேர்ந்து எழுந்திரிக்க மாட்டாரு.

உள்ள போயி தரையில ஒரு வெங்காயத்த வெச்சாரு.

"ஜோசெத், இங்க வா. இதான் வில்லை. கையால தள்ளுறது தப்பில்ல. நம்ம ஆளு அத வாங்கறதுதான் தப்பு. ஆனா நம்ம எல்லைக்குள்ள தள்ளி, நம்ம எல்லைக்குள்ளேயே வாங்குனா செல்லும். புரியுதா?"

"ம்."

"ஷார்ல் வாசல்ல நின்னு குடுத்தா தப்பு, ஒத்துக்கறேன். நம்ம வீட்டுக்குள்ள வந்து குடுத்தா? நம்ம எல்லை. மாதாவுக்கும் வருத்தம் இல்ல."

"வீடு யாரு பேர்ல இருக்கு?"

ராஜாங்கம் மீசையத் தடவுனாரு. வீடு மாமனாரு மகளுக்கு எழுதி வெச்சது.

"அப்ப எல்லை என்னுது. நீங்க வெளியிலேர்ந்து வந்து ஆடுறவரு"ன்னு சொல்லிட்டு, அந்த வெங்காயத்த எடுத்துட்டுப் போயி அரிஞ்சிட்டாங்க.

மறுநாள் வைத்திக்குப்பத்துல, படகு மறைவுல, ரெண்டு பட்டாளமும் கூடுச்சி.

"ஏன்டா ஷார்ல், நீ கையால தள்ளுற. நடுவுல எதிராளி மேல பட்டுடுது. அப்புறம் நான் எடுத்தா செல்லும்ல?"

"பட்டா போதாதுண்ணே. பட்டுத் தெறிச்சி வந்தாலும் விசில்தான். எதிராளி நல்லா வாங்கி, அவன் வசத்துல வெச்சிருக்கணும். அப்பத்தான் ஆட்டம் நிக்காது."

"அப்ப ஜோசெத் வாங்கணும்."

"அண்ணி வாங்கணும்."

"ரெண்டு கையாலயும் வாங்கணும்."

"வாங்கிட்டு உங்க கிட்ட குடுக்கணும்."

"குடுப்பா. அவளுக்கு என்னா தெரியும், வெங்காயம் அரியத் தெரியும்."

ஒரு ஓலைக் கூடை வாங்குனாங்க. அடியில காகிதம் சுத்துன கொன்யாக். அதுக்கு மேல உடைச்ச ஐஸு. அதுக்கும் மேல ஒரு கொடுவா மீனு, ஒண்ணும் தெரியாத மாதிரி வாயப் பொளந்துக்கிட்டு.

ஷார்ல் வாசல்லேர்ந்து கொரல் குடுத்தாரு. "அண்ணி, உங்களுக்கு மீன் கொண்டாந்தேன்."

ஜோசெத் அம்மா வந்தாங்க. கூடைக் காத ரெண்டு வெரலால புடிச்சாங்க. ராஜாங்கம் ஒரு எட்டு முன்னாடி வந்துட்டாரு. ரெண்டு வெரலுன்னா பட்ட கணக்குதானே, வாங்குன கணக்கு இல்லியே.

"அப்படிப் புடிக்காத. ரெண்டு கையாலயும் புடி."

புடிச்சாங்க. "கனமா இருக்கு."

"ஐஸு. நல்லா புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

"நெஞ்சோட அணைச்சிப் புடி. இப்ப உன் வசத்துல இருக்குதா?"

"இருக்குது."

"ஷார்ல், நீ பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"அவ்ளோதான், குடு. நான் கெணத்தடியில வெச்சி ஆஞ்சி, கழுவிக் கொண்டாறேன்."

கேட்டீங்களா? செதிலு ஒண்ணு வேட்டியில ஒட்டுனா வேட்டியவே அவுத்துப் போட்டுட்டு ஓடுற மனுஷன், மீன் கழுவுறேங்குறாரு. ஜோசெத் அம்மா கூடையக் குடுக்கல.

"அந்த ஆட்டத்துல ஒரு சந்தேகம்"னாங்க.

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த அம்மா சந்தேகம்னு ஒண்ணு கேட்டதில்ல. ராஜாங்கத்துக்கு நெஞ்சு நிமுந்துடுச்சி. "கேளு, கேளு."

"எதிராளி நல்லா வாங்கி, தன் வசத்துல வெச்சிக்கிட்டா, அதுக்கப்புறம் அது யாருது?"

ஷார்ல் பின்னாடிலேர்ந்து சட்டையப் புடிச்சி இழுத்தாரு. இழுத்து என்னா பண்றது. ராஜாங்கம் ரெஃப்ரி மாதிரி கைய விரிச்சிட்டாரு.

"இது கூட தெரியலியா? எதிராளிதுதான். எங்க வேணும்னாலும் கொண்டு போவான். யாருக்கு வேணும்னாலும் தள்ளுவான். ஏன்னு கேக்க எவனுக்கும் அதிகாரம்..."

வாயி அப்படியே நின்னுபோச்சி. கூடையில இருந்த கொடுவா வாயும் இவரு வாயும் ஒரே அளவு.

"ம்"னாங்க ஜோசெத் அம்மா. கூடையோட உள்ள போயிட்டாங்க.

உள்ளேர்ந்து ஐஸு கொட்டுற சத்தம் வந்துச்சி. காகிதம் கிழியிற சத்தம். அப்புறம் "டப்"னு ஒரு சத்தம், அத தொடர்ந்து அந்த வாசன. ரெண்டு பேரும் முத்தத்துல நின்னுக்கிட்டு சமையக்கட்டுப் பக்கமா மூக்க நீட்டுனாங்க.

"என்னாடி பண்ற?"

"திராட்சை ஊற வெக்கிறேன். கிறிஸ்மஸ் கேக்குக்கு."

"எவ்ளோ ஊத்துன?"

"ம்."

"கொஞ்சம் மிச்சம் வெச்சியா?"

காலி பாட்டில் ஜன்னல் மேல வந்து உக்காந்துச்சி.

கிறிஸ்மஸ் அன்னிக்கி அந்தக் கேக்கு தெருவையே கலக்கிடுச்சி. சாமியாரு ரெண்டு வாட்டி கேட்டு வாங்கினாரு. பால்காரன் சிரிச்சிக்கிட்டே போனான், எதுக்குன்னு அவனுக்கே தெரியல. வந்தவங்களுக்கெல்லாம் தட்டு நீட்டுனது யாரு? நம்ம ராஜாங்கம்தான். நீட்டிட்டுத் திரும்பிப் பாத்தா தட்டு காலி. கடைசித் துண்டு ஷார்ல் கையில இருந்துச்சி.

ஷார்லுக்கு மனசு கேக்கல. அந்தத் துண்ட ரெண்டா பிட்டு, பெரிய பாதிய நீட்டுனாரு. "இந்தாங்கண்ணே."

ராஜாங்கம் கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டுனாரு. வாயில எச்சி ஊறிப்போச்சி, அம்மாம் வாசன.

ஓரமா தட்டு அடுக்கிக்கிட்டிருந்த ஜோசெத் அம்மா தலையத் தூக்கல.

"ரெண்டு பேரும் ஒரே கட்சி, எல்லையும் என்னுது. கையால குடுத்தா செல்லாது, நீங்களே சாப்பிடுங்க தம்பி."