தேவாங்கு எடுத்த கல்யாண ஆல்பம்

ஒரு காட்டில், ஆனைமலைச் சரிவில் செல்போன் டவர் ஒழுங்காகக் கிடைக்கிற பக்கமாகப் பார்த்து, நாச்சிமுத்து என்றொரு தேவாங்கு குடியிருந்தது. தேன் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போடுகிற உத்தியோகம். அந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதற்குப் புகைப்படக் கலைதான்.

கலை என்றதும் படம் எடுப்பது என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே நாச்சிமுத்து செல்போனில் கேமராச் செய்திகளைப் படிக்க உட்கார்ந்துவிடும். எந்தக் கம்பெனி எந்த மாடலை நிறுத்தப் போகிறது, எந்த லென்ஸில் ஓரம் மங்கலடிக்கிறது, தொழில்முறைக்காரர்கள் தோளுக்கு ஒன்றாகக் கேமரா மாட்டிக்கொள்வது முறையா என்பது போன்ற விஷயங்களில் அதற்குத் திடமான கருத்துகள் உண்டு. மயில் தோகை விரித்த படத்தை யாராவது போட்டால், கீழே போய், நல்ல முயற்சி, இடது மூலையில் சற்றே கூர்மை குறைவு என்று எழுதிவிட்டு வரும்.

அதனிடம் ‘கருவிழி இரண்டு’ என்ற கேமரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, வீட்டுக்கு எதிரே இருந்த கறையான் புற்றைப் படம் எடுக்கும். புற்று அசையாது என்பதால் லென்ஸைச் சோதித்துப் பார்க்க வசதி. கிட்டத்திலிருந்து, தூரத்திலிருந்து, வெயிலில், மழை மூட்டத்தில் என்று வருஷக்கணக்காக அதே புற்று. ஆரம்பத்தில் கறையான்கள் ஆசையாகத் தலை சீவிக்கொண்டு வாசலில் வந்து நின்று பார்த்தன. கொஞ்சம் நகருங்கள், புற்று மறைக்கிறது என்று நாச்சிமுத்து சொன்ன பிறகு அவை வருவதில்லை. உயிருள்ளவர்களை அது எடுப்பதே கிடையாது. அவர்கள் ஆடுகிறார்கள் என்பது அதன் குறை.

நாச்சிமுத்துவுக்கு ஓர் அக்காள். பெயர் தெய்வாத்தாள். அக்காள் மகள் பூங்கோதைக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. தாய்மாமன் சீர் என்று தட்டு தட்டாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், கல்யாணப் படம் மொத்தமும் தம்பி பொறுப்பு, அதுவே சீர் என்று அக்காள் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்துவிட்டது. நாச்சிமுத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு சரி என்றது.

அந்தச் சமயத்தில்தான் பல்லி குறுக்கே வந்தது.

இந்தப் பல்லி ‘கவுளிக் கசிவு’ என்று ஒரு சேனல் நடத்தி வந்தது. எந்தக் கேமராக் கம்பெனியின் சுவரிலும் தன் சொந்தக்காரர்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே என்ன பேசினாலும் தனக்கு வந்துவிடும் என்பது அதன் வாதம். சேதி உறுதியானது என்றால் கடைசியில் ‘த்சு த்சு’ என்று சொல்லும். உறுதியில்லை என்றாலும் சொல்லும்.

அன்றைக்குப் பல்லி சொன்ன சேதி பெரிய சேதி. ‘கருவிழி மூன்று’ ஆடிக் கடைசியில் கடைக்கு வருகிறது. அதைக் கையில் எடுத்தாலே போதும், எடுக்கிறவனின் திறமையை எதிர்பார்க்காது. அது வந்துவிட்டால் கருவிழி இரண்டை மிளகாய் காயவைக்கக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். வைத்திருப்பவர்கள் இன்றே தள்ளிவிடுவது புத்திசாலித்தனம். த்சு த்சு.

நாச்சிமுத்து அன்று மாலையே தன் கேமராவை ஒரு கரடியிடம் தள்ளிவிட்டது. கரடி அதை எதற்கு வாங்கியது என்று கேட்கவில்லை. கரடியும் சொல்லவில்லை.

நாச்சிமுத்துவின் மனைவி பாவாத்தாளுக்கு மனசு சரிப்படவில்லை. புதுசு கைக்கு வந்த பிறகு பழசைக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டது. புகைப்படத் துறையின் போக்கு உனக்குப் புரியாது என்று நாச்சிமுத்து பதில் சொன்னது.

ஆடிக் கடைசியில் கேமராக் கடை வாசலில் பெரிய வரிசை நின்றது. வரிசையில் நின்றவர்கள் எல்லோருமே பழசை விற்றுவிட்டு வந்தவர்கள். கடைக்காரக் குரங்கு ஷட்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருவிழாவா என்று விசாரித்தது. கருவிழி மூன்று என்று ஒன்று வருவதாகத் தனக்குத் தகவலே இல்லை என்றது. வரிசை மொத்தமும் திரும்பிச் சுவரைப் பார்த்தது. பல்லி அங்கேதான் ஒட்டிக்கொண்டு நேரலை செய்துகொண்டிருந்தது.

“நான் சொன்ன சேதி சரிதானுங்க. கேமராதான் சொன்ன நேரத்துக்கு வராம தப்புப் பண்ணிப்போடுச்சு” என்றது பல்லி.

ஒரு காட்டுப்பன்றி தாவி அதன் வாலைப் பிடித்தது. பல்லி வாலைப் பன்றியிடமே விட்டுவிட்டு உத்தரத்தில் ஏறி மறைந்தது. வாலில்லாமல் தொடர்ந்து செய்தி தரும் ஒரே சேனல் என்று அடுத்த நாளிலிருந்து விளம்பரம் செய்ய ஆரம்பித்தது.

நாச்சிமுத்து கரடியிடம் போய்க் கேமராவைத் திருப்பிக் கேட்டது. கரடி அதற்குள் லென்ஸைக் கழற்றித் தேன் வடிகட்டப் பார்த்து, உள்ளே சிந்தி, எறும்பு மொய்த்து, எறும்பை நக்கி, கேமராவையும் பாதி தின்றிருந்தது.

அந்தக் காட்டில் தொழில்முறைப் புகைப்படக்காரர் என்றால் சபாபதி என்ற கொக்குதான். ஆற்றோரம் ஸ்டுடியோ. ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்கும் என்பதால் ஸ்டாண்டு வாங்குகிற செலவு இல்லை. இத்தனை நாளாக அதன் படங்களுக்குக் கீழே நாச்சிமுத்து எழுதாத குறையில்லை. இப்போது வேறு வழியில்லாமல் அங்கே போய் விஷயத்தைச் சொல்லி, ஒரு கேமரா இரவல் கேட்டது.

கொக்கு பழசை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதே முகூர்த்தத்தில் யானை வீட்டுக் கல்யாணத்தை ஒத்துக்கொண்டிருந்தது. யானை வீட்டார் ஒரு கேமராவுக்குள் அடங்க மாட்டார்கள் என்பதால் இருக்கிற கேமராவையெல்லாம் அங்கே கொண்டுபோக வேண்டும். ஸ்டுடியோவில் மிச்சம் இருந்தது கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்த பொம்மைக் கேமரா ஒன்றுதான். “பார்க்கப் பெருசா இருக்குமுங்க. உள்ளே ஒண்ணுமே கிடையாது. மேலே ஃப்ளாஷ் மட்டும் பளிச்சுன்னு அடிக்கும்” என்றது கொக்கு.

நாச்சிமுத்து அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டது. வெறுங்கழுத்தோடு அக்காள் முன்னால் போய் நிற்க அதற்குத் தைரியம் வரவில்லை. மண்டபத்தில் அக்காளைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று பாவாத்தாளிடம் சத்தியம் செய்தது.

கல்யாணத்தன்று காலையில் சொல்லத்தான் போனது. தம்பியைப் பார்த்ததும் தெய்வாத்தாள் கையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டார் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, இதுதான் என் தம்பி, இவன் கொண்டுவந்த சீரைக் கழுத்தில் பாருங்கள் என்றது. மாப்பிள்ளையின் அம்மாள் முன்னால் வந்து கேமராவை மேலும் கீழும் பார்த்தது. சீர் கனமாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டது. நாச்சிமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஃப்ளாஷை ஒரு தட்டுத் தட்டியது. பளிச்சென்று அடித்தது. கூட்டம் மொத்தமும் சட்டென்று வயிற்றை எக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை.

வெளிச்சம் போதுமா, ஓரம் மங்குகிறதா என்று பார்க்க வேண்டிய வேலை எதுவும் அதற்கு இல்லை. அதனால் அது தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக எதிரே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தது. பூங்கோதைக்குப் பயத்தில் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து பக்கத்தில் போய், சின்ன வயதில் பூங்கோதை பலாப்பழத்துக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னது. பெண் சிரித்தது. பளிச். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரு மாமரத் தகராறில் பல காலமாகப் பேசிக்கொள்வதில்லை. படத்துக்காக நெருங்கி நிற்கச் சொல்லி, ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போடச் சொன்னது. போட்ட கையை எப்போது எடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வரை அப்படியே திரிந்தார்கள்.

பந்தி தாமதமாயிற்று. முதல் வரிசையில் புலி உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் மான் ஒன்று குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது. சமையல்கட்டுப் பக்கம் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன புலி, தன் நாற்காலியை மெதுவாகப் பின்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டது. பெண் வீட்டார் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் அப்படி ஒன்று நடந்துவிட்டால் தெய்வாத்தாள் அந்தக் காட்டில் தலைகாட்ட முடியாது. மான் குடும்பத்தின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

நாச்சிமுத்து தன் சக்திக்கு வேகமாக, அதாவது ஆமை முந்துகிற வேகத்தில், புலியிடம் போய்ச் சேர்ந்தது.

“பெரியய்யா, உங்களைத் தனியா ஒண்ணு எடுத்துக்கறேனுங்க. முகத்துல இருக்கிற அந்தக் களை வேற யாருக்குமே இல்லீங்க” என்றது.

புலி தயங்கியது. பிறகு மீசையை நீவிக்கொண்டு எழுந்தது. நாச்சிமுத்து அதைத் தூணோரம் நிறுத்தி எடுத்தது. உட்கார்த்தி வைத்து எடுத்தது. தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லி எடுத்தது. வாயை மூடிக்கொண்டு ஒன்று, லேசாகச் சிரித்தபடி ஒன்று. புலி மானை நோக்கித் தலையைத் திருப்பும்போதெல்லாம், வலது பக்க முகம்தான் ஐயாவுக்கு எடுப்பு என்று சொல்லி இந்தப் பக்கம் திருப்பியது. ஃப்ளாஷ் சூடேறி நாச்சிமுத்துவின் விரல் வெந்தது. கடைசியில் இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள். புலிக்கென்று தனி அடுப்பில் என்ன வெந்தது என்று யாரும் கேட்கவில்லை. மான் குடும்பம் மொய் எழுதாமலே வீட்டுக்குப் போய்விட்டது. அதையும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணம் நன்றாக முடிந்தது. அதன்பிறகுதான் நாச்சிமுத்துவின் கஷ்டகாலம் ஆரம்பித்தது. படம் எப்போது வரும் என்று அக்காள் கேட்டது. மாப்பிள்ளை வீடு கேட்டது. புலி ஆளனுப்பிக் கேட்டது. எடிட்டிங்கில் இருக்கிறது என்று நாச்சிமுத்து எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னது. சொன்னதும் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனது அதற்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் ராத்தூக்கம் போய், சோறு இறங்காமல் இளைத்தது. மறுவிருந்துக்குப் பூங்கோதை வந்தபோது, இனி தாங்காது என்று அதைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய், பல்லி தொடங்கி பொம்மைக் கேமரா வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டது. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டது.

பூங்கோதை கோபப்படும் என்று நாச்சிமுத்து எதிர்பார்த்தது. பூங்கோதையோ அவசரமாகச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இதை வேறு யாரிடமும் சொல்லவில்லையே என்று கேட்டது.

அதன் பயத்துக்குக் காரணம் இருந்தது. யானை வீட்டு ஆல்பத்தைக் கொக்கு சொன்ன தேதியில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தது. படங்கள் அவ்வளவு துல்லியம். அதுதான் வினை. பெண்ணின் அத்தை எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருந்தது. சம்பந்தியம்மாள் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, இது நானா, பின்னால் இருக்கிற பாறையா என்று கேட்டது. தாலி கட்டுகிற நேரத்தில் மூத்த மருமகனின் தும்பிக்கை பாயசப் பாத்திரத்தில் இருந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சண்டை வளர்ந்து, சம்பந்திகள் இரண்டாகப் பிரிந்து, பிறகு கோபம் கொக்கின் பக்கம் திரும்பியதும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து, ஸ்டுடியோவை மிதித்துத் தரையாக்கிவிட்டார்கள். கொக்கு பறந்து தப்பியது.

“எங்க மாமியா தன் படம் ராணி மாதிரி வந்திருக்கும்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காங்க மாமா. அந்தச் சந்தோஷத்துல என்னைய ஒரு வேலை செய்யச் சொல்றதில்லை. பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே தட்டுல சாப்பிடறாங்க. ஆல்பம்னு ஒண்ணு வந்துச்சுன்னா எங்க குடும்பமே போயிரும். நீங்க எடிட்டிங் பண்ணிட்டே இருங்க” என்றது பூங்கோதை.

நாச்சிமுத்து அப்படியே செய்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் போகிற இடமெல்லாம் தங்கள் படத்தைப் பற்றிப் பேசினார்கள். புலி தூரத்து மலையைப் பார்த்து நின்ற படத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களில் பாதிப் பேர் அதைத் தாங்களே பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அடுத்த தையில் ஒரு முகூர்த்தம் பாக்கியில்லாமல் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள். தேன் சங்கத்து வேலையை அது விட்டுவிட்டது. இன்றைக்கு அந்தக் காட்டில் அதைவிடப் பேர் வாங்கிய புகைப்படக்காரர் கிடையாது.

ஸ்டுடியோ போன சபாபதி கொக்கு இப்போது நாச்சிமுத்துவிடமே குடை விளக்குப் பிடிக்கிறது. போன மாதம் ஒரு வளைகாப்பில், பழைய பழக்கத்தில், நிஜக் கேமரா ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. நாச்சிமுத்து அதைத் தனியாகக் கூப்பிட்டு, நம்மை நம்பி வாழ்க்கையையே ஒப்படைக்கிறார்கள், தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லிக் கண்டித்து அனுப்பியது.

நீதி: எடுக்காத படத்தில் யாரும் கண்ணை மூடியிருப்பதில்லை.