பின்பாதிச் சுவர் நகர்ந்த வரலாறு

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதுவது மரியாதை, ஆகவே எழுதிவிட்டேன். இருபத்துநான்கு வருடம் கழித்துக் கடிதம் வந்திருக்கிறதே என்று பதறாதே, யாரும் சாகவில்லை.

விஷயம் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர். அதன் பின்பாதியை நீ கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் தள்ளிக் கட்டுகிறாய் என்று சொன்னேனே, சும்மா சொல்லவில்லை. நில அளவை வேலையில் தலை நரைத்தவன் நான். வருடா வருடம் ஒரே தேதியில் முன்வாசல் தூணிலிருந்து பின்மூலை வரை கயிறு கட்டி, போன வருடத்தைவிடச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். நீ இங்கிருந்த கடைசி வருடம், பின்னால் பேச்சு வரக்கூடாது என்று கயிற்றின் மறுமுனையை உன்னையே பிடிக்கச் சொன்னேன். தண்ணீர்க் குழாய் மூன்று முறை உடைந்ததற்கும் உன்னைத்தான் திட்டினேன். நீ வீட்டைப் பூட்டிக்கொண்டு போன பிறகும் சுவர் நகர்ந்தது, ஆள் வைத்துச் செய்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் நிலவியல் ஆட்கள் வந்து, தோட்டத்தில் வேறு இடமே இல்லாதது போல அண்ணியின் கீரைப்பாத்தியிலேயே ஆளுயரப் பள்ளம் தோண்டினார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு பெண். பள்ளத்துக்குள் நின்று மண்ணில் ஒரு கோட்டைக் காட்டினாள். "இது பெரிய நிலப்பிளவு சார். ரெண்டு பக்கமும் மேல கீழ போகாது, பக்கவாட்டுல உரசிக்கிட்டே நழுவும். முந்நூறு வருஷம் முன்னாடி ஒரே உலுக்குல ஆறடி போயிருக்கு. இப்ப மெதுவா ஊர்ந்துட்டு இருக்கு, உங்க சுவரையும் இழுத்துக்கிட்டு." நான் நோட்டைக் கொடுத்தேன். வருடத்துக்கு எட்டு மில்லிமீட்டர். "இப்படி ஒரு பதிவு எங்ககிட்டயே இல்ல சார்! யாருக்காக இவ்வளவு பொறுமையா எழுதினீங்க?" என்றாள். தம்பிக்காக என்றேன். கண் கலங்கிவிட்டாள், பைத்தியக்காரி. "இனிமே யாரைத் திட்டிப் பொழுதைப் போக்குவீங்க?" என்று உன் அண்ணி கேட்டாள்.

ஆக, பூமி செய்த வேலை. உன்னை நான் பெரிய மனதோடு மன்னித்துவிட்டேன். ஆனாலும் சொந்தக்காரர்களைக் கூட்டி நோட்டைப் படித்தபோது நீ ஒரு வார்த்தை பேசாமல் மறுநாளே கிளம்பிப் போனது திமிர்தான். நாலு கத்து கத்தியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், நான் பார்த்தே இராத பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: நோட்டை அச்சிடப் போகிறார்களாம். அதற்குமுன் அந்தப் பெண் ஒரு பக்கத்தைக் காட்டி, "இந்த வருஷம் மட்டும் எண்பதுன்னு இருக்கு, சுவர்ல அவ்வளவு இல்லையே சார்?" என்றாள். ஞாபகமில்லை என்றேன். ஞாபகம் இருக்கிறது. எட்டு என்று படித்தால் எவனும் உன்னைத் திருடன் என்று நம்பமாட்டான் என்று, பக்கத்தில் நான்தான் ஒரு பூஜ்யம் போட்டேன். மறுமுனையில் நின்று எட்டைப் பார்த்தவன் நீ. அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டாய். மேலே எழுதியிருக்கும் மன்னிப்பைத் திருப்பி அனுப்பிவிடு, அது எனக்குத்தான் வேண்டும்.