பாய்லர் அண்ணனின் ஆறடிக் கடல்

பாய்லர் அண்ணன் அளவுக்குத் தண்ணீரைச் சந்தேகப்பட்ட மனிதர் இந்தப் பூமியில் இதுவரை பிறந்ததில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. அடித்துச் சொல்கிறேன். ஊரில் எல்லோரும் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தால், அவர் பேனா மாதிரியே இருக்கும் ஒரு மீட்டர் வைத்திருப்பார். நுனியைத் தண்ணீரில் முக்கினால் அதில் எவ்வளவு உப்பு என்று எண் காட்டும். கவரைப்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் அதை ரசத்தில் முக்கி, "எட்டாயிரம்! இத்த உள்ள வுட்டா டியூபு அடைச்சிக்கும் தம்பி" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் சமையல்காரரைக் கூப்பிட்டு விட்டார்கள். பெண்ணின் மாமா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். நான் மோர் சாதம் சாப்பிடாமலே எழுந்து ஓடினேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு காகித ஆலை. அங்கே இருபத்திரண்டு வருஷமாக அவர் பாய்லர் ஆபரேட்டர். நான் லேபில் தண்ணீர் சோதிப்பவன். அவர் வீட்டின் பின்போர்ஷனில்தான் குடியிருந்தேன். அவருடைய நிஜப்பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்குத் தெரிந்த வேதம் ஒன்றே ஒன்றுதான். "ஸ்டீம் பூடும், உப்பு நிக்கும்." தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்விடும், அதில் இருந்த உப்பு மட்டும் பாய்லருக்குள் தங்கித் தங்கிக் குழாயை அரித்துவிடும். ஆகவே உப்பு எமன். இப்படிப்பட்ட ஆள் ஒரு நாள் கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, ஊட்ல கடலு வைக்கப் போறேன். நீ கூட வா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கொளத்தூர் போனோம். மீன் தொட்டிக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. கடல் தண்ணீர், பவளம், அதற்குள் மீன் என்று வீட்டிலேயே ஒரு பவளப்பாறைத் தொட்டி வைக்க வேண்டும் என்றதும் கடைக்காரர் மூன்றடித் தொட்டியைக் காட்டினார். "கடலுன்னா கொஞ்சமாச்சும் நீளம் வாணாமா?" என்று அண்ணன் ஆறடியைக் கேட்டார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், விரல் தடிமன் கண்ணாடி. அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "பிரஷர் டெஸ்ட் பண்ணிக்கிறீங்களா? சர்டிபிகேட்டு எங்க?" என்றார்.

"அண்ணே, இது மீன் தொட்டிண்ணே."

"இன்னா தொட்டியா இருந்தா இன்னா? ரொப்பு, பாக்கலாம்."

விளிம்பு வரை நிரப்ப வைத்து, ஸ்டூல் போட்டு ஒன்றரை மணி நேரம் ஒட்டு ஒட்டாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்கு வந்த குழந்தைகள் மீனை விட்டுவிட்டு அவரை வேடிக்கை பார்த்தன. உப்புக் கலந்த தண்ணீரில் பேனா மீட்டரை முக்கினார். அது எண்ணே காட்டவில்லை, வெறும் கோடு கோடாகக் காட்டியது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே தண்ணீரில் மிதக்கிற ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்தார். அதில் இருபத்தைந்து என்ற கோடு வரை தண்ணீர் நின்றால் அது நல்ல கடல் தண்ணீர். பாறைப் பவளத்தைக் கடலில் இருந்து எடுத்தால் ஜெயில் என்று சொல்லி, தொட்டியில் வளர்த்த மெத்தென்ற பவளங்கள் கொஞ்சம், ஒரு ஜோடி கோமாளி மீன், நாலு சிவப்பு இறால் என்று பட்டியல் போட்டார். தொட்டித் தண்ணீர் பக்குவப்பட்ட பிறகுதான் அவற்றைத் தருவேன் என்றும் சொன்னார். இதற்கெல்லாம் அண்ணன் தன் மோட்டார் பைக்கை விற்றிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

தொட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். நான் டிரைவர் பக்கத்தில். அண்ணன் பின்னால் மெத்தை விரித்து, தொட்டி அதிராமல் இருக்க அதை அணைத்தபடி படுத்துக்கொண்டார். சோழவரம் தாண்டியதும், நைட் ஷிப்ட் பார்த்த உடம்பு அல்லவா, தூங்கிவிட்டார்.

எங்கள் தெருவில் வண்டி நுழைந்ததும் என்ன தெரிந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். ஆறடிக் கண்ணாடிப் பெட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடி மல்லாந்து கிடக்கிற பாய்லர் அண்ணன். செத்தவர்களை வைக்கிற ஐஸ் பெட்டியைப் பார்க்காத தெரு எது? "ஐயையோ, பாய்லர் வெடிச்சிடிச்சா!" என்று ஒரு அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டி பின்னால் வந்தார்கள். நான் இறங்கி "இல்லீங்க, இல்லீங்க" என்று கத்தினேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று ஒருவர் என்னைத் தோளோடு சேர்த்துக்கொண்டார்.

அண்ணனின் மனைவி மல்லிகா அக்கா, மாவுக்கையோடு வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்தார். அழவில்லை, கத்தவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, "இந்தாளு ஒடம்பாச்சும் வந்துச்சே" என்றார்.

சத்தத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "இன்னாமே கூட்டம்? தூக்கறதுக்கு எட்டு ஆளு தேறுமா?"

தெரு மொத்தமும் சிரித்தது. ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டே திட்டினார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். அவருக்கு ஒரே தம்பி, பெயர் தேசிங்கு. அக்காவே தூக்கி வளர்த்தவன். சுனாமி அன்று காலை கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். உடம்பு கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து அக்கா கடல் பக்கம் போகவில்லை. மூன்று வருஷமாகத் தாய்வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மா பார்க்க ஆசைப்பட்டால் கிழவி பஸ் ஏறி இங்கே வரவேண்டும். மீன்காரக் குடும்பத்தில் பிறந்த பெண் மீன் சமைப்பதையும் விட்டாச்சு. தம்பிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்பதுதான் அண்ணனுக்குப் பெரிய கவலை.

"அண்ணே, கடல்னா பயப்படறவங்க ஊட்லயே கடலைக் கொண்டாந்து வெச்சா எப்படிண்ணே?" என்று நான் சண்டைக்கே போனேன்.

"தம்பி, ஆறிப்போன பாய்லர எடுத்த ஒடனே ஃபுல் லோடு குடுப்பியா? டியூபு வெடிச்சிப்பூடும். கொஞ்ச கொஞ்சமா சூடு ஏத்தணும். அவளுக்கு மொதல்ல ஆறடி கடலு. பொறவு பெரிசு."

பைத்தியக்காரத்தனம். ஆனாலும் தொட்டியைத் தூக்க நானும் ஒரு கை கொடுத்தேன்.

ஹாலில் தொட்டி வந்தது, விளக்கு வந்தது, இரண்டு மாதம் கழித்துப் பவளமும் மீனும் வந்தன. அக்கா அதன்மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தினார். அண்ணன் எடுத்தார். அக்கா மறுபடி போர்த்தினார். ஆலையில் பாய்லர் பக்கத்தில் மணிக்கு மணி அழுத்தமும் நீர்மட்டமும் எழுத ஒரு லாக் புத்தகம் இருக்கும். அதேபோல் ஒன்றை அண்ணன் டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். ஒரு நாள் எனக்குக் காட்டினார். தேதி, நேரம், உப்பு, சூடு. கடைசிக் கட்டத்தில் 'தூரம்' என்று போட்டு எண்கள். பதினான்கடி. பதினான்கடி. பன்னிரண்டடி.

"இது இன்னாண்ணே?"

"மல்லிகா தொட்டியில இருந்து எவ்ளோ தூரத்துல நின்னுச்சின்னு. தரையில டைல்ஸ எண்ணிக்குவேன்."

புடவை ஒரு நாள் தானாகவே கொடிக்குப் போனது. ஒன்பதடி. ஏழடி. கோமாளி மீன் முட்டையிடப் பாறையைச் சுத்தம் செய்தபோது ஐந்தடி. அக்கா நின்று, "இது பொட்டை, பெரிசா கீது பாரு. அந்தக் குட்டி ஆளு பின்னாடியே சுத்துறான், உன்ன மாதிரி" என்று சொன்னாராம். அன்றைக்கு அண்ணன் ஆலையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். காரணம் கேட்டவர்களிடம், "ஏழுல இருந்து அஞ்சுக்கு வந்திடிச்சி" என்றார். பாய்லர் அழுத்தம் குறைந்துவிட்டதென்று இன்ஜினீயர் பதறிக்கொண்டு ஓடினார்.

அப்புறம் சித்திரை வெயில் வந்தது. தொட்டித் தண்ணீர் சூடேறினால் பவளம் தாங்காது. பாய்லர்காரருக்குச் சூட்டை ஏற்றவும் இறக்கவும் சொல்லித்தர வேண்டுமா? பழைய பிரிட்ஜிலிருந்து செம்புக் குழாயை உருவி, சுருளாகச் சுற்றித் தொட்டிக்குள் இறக்கி, அதன் வழியே ஐஸ் தண்ணீரை ஓடவிட்டார். சூடு சட்டென்று இறங்கியது. "செம்பு மேரி சூட்ட கடத்தறதுக்கு வேற எதுவும் கெடையாது தம்பி" என்று என் முதுகில் தட்டினார். லேபில் வேலை பார்க்கிற நானும் பலே என்றேன். என்னை எதால் அடிப்பது?

ஐந்தாம் நாள் இறால் நான்கும் மல்லாந்தன. மறுநாள் பவளமெல்லாம் சுருங்கி, சளி மாதிரிக் கரைந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டோம். "தொட்டியில செம்பு ஏதாச்சும் போட்டீங்களாண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார். உப்புத் தண்ணீரில் செம்பு கரையும், அது இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். மீன் மட்டும் கொஞ்சம் தாங்கும். இன்றைக்கே தண்ணீரை மொத்தமாக மாற்றினால் மீன் பிழைக்கலாம். தொட்டிக்குப் போடும் உப்பு அவரிடம் தீர்ந்துவிட்டது, இரண்டு நாள் ஆகும்.

அண்ணன் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "உப்பு கொழாய அரிக்கும்னு இருவத்திரெண்டு வருசமா நான் தான தம்பி சொல்றேன்" என்றார். அப்படியொரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

நான்தான் அவரைக் கிளப்பினேன். வண்டி பிடித்துப் பழவேற்காடு போய், கடலோடு சேர்ந்த உப்பு ஏரியிலேயே இருபது பெரிய கேனில் மொண்டுகொண்டு வந்தோம். கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டால் முப்பத்தைந்தைத் தாண்டி நின்றது. அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை.

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "யோவ், ஏரித் தண்ணியா எடுத்தாந்துக்கிற? வெயில் காலத்துல ஏரி சுண்டி உப்பு ஏறிக்கும். உம் பாய்லர்ல தண்ணி சுண்டுனா உப்பு ஏறாது? அத்த தான ஊருக்கெல்லாம் ஓதிக்கினு கீற?"

அக்கா தொட்டியருகே வந்தார். பெண் மீன் தண்ணீர் மட்டத்தில் வாய் பிளந்து நிற்க, குட்டி ஆண் மீன் அதன் பக்கத்திலேயே நின்றது. அக்கா கண்ணாடியில் கை வைத்தார்.

"கடத் தண்ணி தான் ஓணும். எந்த எடத்துல சேறில்லாம மொள்ளணும்னு உனக்கு இன்னா தெரியும்? எடுய்யா வண்டிய. நா வரேன்."

பாலம் தாண்டி, குப்பம் தாண்டி, மணல்மேட்டில் வண்டி நின்றது. அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நின்றதும் குடம் கைநழுவியது. கடலைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார். "பாவி! எந்தம்பிய முழுங்கிட்டு ஒண்ணும் தெரியாத மேரி வந்து வந்து காலத் தொட்றியா? வெக்கமா இல்ல? அவங்கைய காலயாச்சும் குடுத்தியா நீ? தேசிங்கு... டேய் தேசிங்கு..." மூன்று வருஷ அழுகை. குப்பத்திலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். கிழவி மகளைக் கட்டிக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அண்ணனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. மிதந்துபோன குடத்தைப் பிடித்து, மொண்டு, கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டார். "இருவத்தஞ்சு. சரியா கீதுமே" என்றார்.

மீன் இரண்டும் பிழைத்தன. பவளம் மறுபடி வாங்கவில்லை. அதன்பிறகு அக்கா மாதாமாதம் தாய்வீடு போனார், வரும்போது கடல் தண்ணீரும் கொண்டு வந்தார். அக்கா கடலில் இறங்கிய அன்றைய தேதியில் லாக் புத்தகத்தில் தூரம் என்ற கட்டத்தில் அண்ணன் சைபர் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, பகல் ஷிப்டில், பாய்லர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. பாய்லருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று அழுத்தமெல்லாம் சரியாக எழுதியிருந்தார். அந்த ஹாலிலேயே, தொட்டிக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டியை வைத்தார்கள். தெருவே வந்து நின்றது. எட்டு ஆள் தேறுமா என்று எழுந்து கேட்பார் என்று நான் கடைசிவரை அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை இல்லாதவர். எங்கள் பக்கம் அஸ்தி கரைக்கப் பெண்கள் வருவதில்லை. அக்கா வந்தார். அதே இடம், முழங்கால் தண்ணீர். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையில் முடிந்திருந்த கண்ணாடிக் குழாயை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உப்பு எவ்ளோ கீதுன்னு பாத்து சொல்லு தம்பி. இல்லாங்காட்டி இந்தாளு தண்ணில எறங்காது."

சொம்பில் மொண்டு குழாயை மிதக்கவிட்டேன். என் கண்ணுக்கு ஒரு கோடும் தெரியவில்லை.

"இருபத்தஞ்சுக்கா," என்றேன். "சரியா இருக்கு."