மூன்றாந்தரம் கூப்பிடட்டும்

இருட்டுக்குள்ளிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். “ஓம்” என்று சொல்லச் சுபேசன் வாயைத் திறந்தார். சொல் வெளியே வருவதற்குள் பூமணி மச்சாளின் உள்ளங்கை அவருடைய வாயைப் பொத்திவிட்டது. உள்ளங்கையில் மட்டன் ரோல்ஸ் மணந்தது.

“தம்பி, உமக்கு விசரே? இரவிலை பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனை ஏனெண்டு கேக்கிறதே?”

“ஆரோ கூப்பிடினம், மச்சாள்.”

“கூப்பிடட்டும். மூண்டாந்தரமும் கூப்பிட்டால் மனிசர். பேயெண்டால் ரண்டு தரத்தோடை நிப்பாட்டிப்போடும்.”

ஜீப்புக்குள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். குரல் இரண்டாந்தரமும் வந்தது.

“சுபே... சான்...”

பெயரைத் தெரிந்த குரல். ஆனால் பெயரோடு பழகாத குரல். மணல் மேட்டை மெல்லத் தடவிக்கொண்டு வந்து, ஜீப்பின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

மூன்றாந்தரம் வரவேயில்லை.

“இப்ப விளங்கிச்சே?” என்று பூமணி கையை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். சேலைக்கு மேல் அவள் மூன்று குளிரங்கி போட்டிருந்தாள்.

ஒஸ்லோவில் ஒரு பாலைவனம் இருக்கிறது என்று கண்டுபிடித்த முதல் மனிதர் சுபேசன்தான். குரோருட் என்ற புறநகருக்கு மேலே, காட்டுக்குள், மணல் அள்ளி முடித்துக் கைவிட்ட பெரிய பள்ளம், மணல்கிடங்கு அது. சொந்தக்காரரிடம் அனுமதி பெற்று, பட்டாளம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வாங்கி, ‘பாலைவன இரவு: நட்சத்திரங்களும் காட்டு விலங்குகளும்’ என்று விளம்பரம் போட்டிருந்தார். யாழ்ப்பாணம் பெரியகடையில் துணி விற்றவரின் மகனுக்கு, கிடங்கைக் கிடங்கென்று சொல்லி விற்கக்கூடாது என்பது தெரியாதா?

இன்றைய இரவு சரிவந்தால் சுபேசன் தப்பினார். நகரத்து ஹோட்டல் ஒன்றில் விருந்தினருக்கான பயணங்களைத் தெரிவு செய்கிற ஆன்ட்ரியாஸ் என்பவர், பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஒத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்தால் ஹோட்டல்காரர் கிழமைதோறும் ஆட்களை அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால், திங்கட்கிழமை காலை சுபேசன் மறுபடியும் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவப் போகவேண்டும். அந்தத் தட்டுகளை நினைத்தாலே அவருடைய விரல் நுனிகள் சுருங்கும்.

ஆன்ட்ரியாஸோடு தொலைபேசியில் ஒரேயொரு தரம் கதைத்ததுதான். “தொடங்குகிற இடத்தில் நிற்பேன்,” என்று சொல்லியிருந்தார்.

தொடங்குகிற இடம் என்றால் குரோருட் நிலைய வாசல். அது தண்டவாளம் திருத்துகிற கிழமை. ரீ-பானே என்கிற நகர ரயில் ஓடவில்லை. வாசலில் குளிருக்குள் ஒரே சனம். அந்தச் சனத்திலிருந்து தள்ளி, நீளமான கறுப்புக் கோட்டும் காதுவரை இழுத்த தொப்பியும் மூக்குவரை சுற்றிய சால்வையுமாக, நெட்டையான நோர்வேக்காரர் ஒருவர் ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள்தான் ஆன்ட்ரியாஸா என்று கேட்டிருக்கலாம். ஆனால் பெரிய வாடிக்கையாளரிடம் பெயர் கேட்பது கடைக்கு மரியாதையில்லை என்பது சுபேசனின் அப்பாவுடைய கட்சி. சப்பாத்தைப் பார்த்தே ஆளை அறியவேண்டும். சுபேசன் பார்த்தார். விலையான சப்பாத்து. உடனே தன்னுடைய ஒரேஞ்சு நிறப் பாதுகாப்பு மேலங்கியை நேராக்கிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டு, “ஏறுங்கள், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்,” என்று நோர்வேஜிய மொழியில் குழைந்தார்.

“தக்,” என்று நன்றி சொல்லிவிட்டு அந்த மனிதர் பின்னிருக்கையில் ஏறினார். பிறகு வாய் திறக்கவில்லை.

அவருக்குப் பக்கத்தில் ஞானவேல் இருந்தார். சென்னையிலிருந்து மென்பொருள் வேலைக்கு ஒஸ்லோ வந்தவர். காசு கொடுத்து ஏறிய ஒரே பயணி. நட்சத்திரங்களை விளக்குவதற்குச் சுபேசனின் மகள் ஆரணி. பல்கலைக்கழகத்தில் வானியல் படிக்கிறாள். சாப்பாட்டுக்குப் பூமணி, மனைவியின் அக்கா. பயத்துக்கும் அவளே பொறுப்பு என்பது இப்போதுதான் தெரிந்தது.

“சார், யாரோ கூப்பிட்டாங்களே, இது ப்ரோகிராம்ல இருக்கா?” என்று ஞானவேல் கேட்டார்.

“ஓமோம், எல்லாம் இருக்கு.”

“நான் ஜெய்சல்மேர்ல இதே மாதிரி நைட் ஜீப் சஃபாரி போயிருக்கேன் சார். அங்க நரி வந்துச்சு. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடல.”

சுபேசன் பின்கண்ணாடியில் நெட்டை மனிதரைப் பார்த்தார். அசைவில்லை. குரல் வந்த திசையிலிருந்து ஜீப்பை மறைத்தால் போதும் என்று நினைத்து, முன்விளக்கையும் உள்விளக்கையும் அணைத்தார்.

“இப்போது நட்சத்திரப் பகுதி,” என்று அறிவித்தார்.

இருட்டு ஜீப்புக்குள் ஏறி எல்லாருடைய மடியிலும் உட்கார்ந்தது.

“அப்பா, மேலை முழுக்க முகில்,” என்று ஆரணி கிசுகிசுத்தாள். “ஒண்டும் தெரியேல்லை.”

“தெரியாததைத்தான் விளங்கப்படுத்தவேணும் பிள்ளை. தெரியிறதை அவையளே பாப்பினம்.”

ஆரணி தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த முகிலுக்குப் பின்னால் மிருகசீரிடம் இருக்கிறது என்று நோர்வேஜிய மொழியில் தொடங்கினாள். நெட்டை மனிதர் மரியாதையாக அண்ணாந்து முகிலைப் பார்த்தார்.

“சார்,” என்றார் ஞானவேல். “ஒரு ஸ்டார் மட்டும் கீழ இருக்கு.”

கிடங்கின் விளிம்பில் ஒரு வெளிச்சம். ஆளுயரத்தில் நின்றது. பிறகு அசைந்தது. இடப்பக்கம் போய், தயங்கி, எதையோ தேடுவதுபோல வலப்பக்கம் வந்தது. கீழே இறங்கத் தொடங்கியது.

“கொள்ளிவாய்ப் பேய்,” என்றாள் பூமணி.

“நோர்வேயிலையோ, பெரியம்மா?”

“பேய்க்கென்ன விசாவே வேணும்?”

சுபேசன் விளக்கைப் போடாமலே ஜீப்பைக் கிளப்பி மறுபக்கம் திருப்பினார். பத்து முழம் போகவில்லை. முன்சில்லு மணலுக்குள் இறங்கியது. அழுத்தினார், பின்சில்லும் துணைக்கு இறங்கியது.

எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டி வந்தது. சுபேசனுக்கு உயிர் போன தருணம் அதுதான்: நெட்டை மனிதரும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, கையுறையைச் சரி செய்து, ஜீப்பின் பின்பக்கம் தோளைக் கொடுத்தார்.

“இது... பாலைவன அனுபவத்தில் ஒரு பகுதி,” என்று சுபேசன் அவரிடம் இளித்தார்.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுக்கலாம், ஐயோ என்றும் எடுக்கலாம். சுபேசன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

தள்ளும்போது ஞானவேலின் கை அந்த மனிதரின் மணிக்கட்டில் பட்டது. ஞானவேல் உடனே பூமணியின் பக்கம் நகர்ந்தார். “ஆண்ட்டி, இவர் கை ஐஸ் மாதிரி இருக்கு. மூச்சு விடுறாரான்னே தெரியல.”

பூமணிக்கு அது போதுமாயிருந்தது. கைவிளக்கை உள்ளங்கையால் மறைத்து, மனிதரின் கால்மாட்டில் ஒரு கீற்று வெளிச்சம் விட்டாள். “சப்பாத்து அடையாளம் விழுந்திருக்கு,” என்றாள். பிறகு யோசித்து, “ஆனால் ஆழமில்லை,” என்றாள்.

“பெரியம்மா, அவர் மெல்லிய ஆள்!”

“உறைப்புக் குடுத்துப் பாத்தால் தெரிஞ்சிடும்.” பையைத் திறந்து, தனக்கென்று தனியாகச் சுற்றி வைத்திருந்த ரோல்ஸ் ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

“தக்,” என்று வாங்கி, சால்வையைச் சற்று இறக்கி, முழுவதையும் தின்றார். வெளிச்சத்தில் அவருடைய கன்னங்களில் கண்ணீர் இரண்டு கோடாக வழிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

ரோல்ஸ் பை திறந்ததுதான் பிழை. மணம் காற்றோடு போய்க் காட்டைத் தட்டி எழுப்பிவிட்டது. மணல் மேட்டுக்கு அப்பால் முதலில் ஒரு சோடி கண். பச்சை. பிறகு இன்னொன்று.

“நரி!” என்று ஞானவேல் முதல் முறையாகச் சிரித்தார்.

“இந்தா, திண்டிட்டுப் போ!” என்று பூமணி ஒரு ரோல்ஸை எறிந்தாள். போகுமா? மட்டன் ரோல்ஸ் கிடைக்கிற இடத்தை விட்டு எந்த உயிர் போயிருக்கிறது? பச்சைக் கண்கள் அங்குமிங்கும் முளைத்தன. குட்டையாக, வெள்ளைக் கோடு போட்ட முகத்தோடு ஒன்று உறுமிக்கொண்டு ஜீப்புக்கடியில் புகுந்தது. வளைக்கரடி என்று ஆரணி சொன்னபோது ஒருவரும் தரையில் இல்லை. எல்லாரும் ஜீப்புக்குள் இருந்தார்கள். பயத்தில் தள்ளியதிலோ என்னவோ சில்லும் மேலே வந்திருந்தது.

அப்போது குரல் மறுபடியும் வந்தது. இந்த முறை மிகக் கிட்ட.

“சுபேசான்?”

“அப்பா, ஆரோ வழி தவறின ஆளாக்கும். நான் குரல் குடுக்கப் போறன்.”

“சுபேசான்?”

“பேசாமல் இரடி. மூண்டாந்தரம் கூப்பிடட்டும், நானே இறங்கிப்போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றார் சுபேசன்.

எல்லாரும் காதைத் தீட்டினார்கள். வாழ்க்கையில் எந்த வாடிக்கையாளரையும் சுபேசன் இவ்வளவு ஆசையாக எதிர்பார்த்ததில்லை. ஒரேயொரு தரம். ஒரேயொரு ‘சுபேசான்’. காட்டில் ஒரு கிளை முறிந்தது. யாரோ மெல்லப் பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. அவ்வளவுதான்.

சுபேசன் விளக்கைப் போட்டு ஜீப்பை வாசல் பக்கம் விரட்டினார். கிடங்கின் வாசலில், நெற்றியில் வெளிச்சம் எரிய, வெள்ளையாக ஓர் உருவம் நடுவழியில் நின்று கையைத் தூக்கியது.

“நிப்பாட்டாதையும்!” என்று பூமணி கத்தினாள்.

உருவம் கடைசி நொடியில் பாய்ந்து விலகியது. ஜீப்பின் சில்லு வாசலோரக் குட்டையில் இறங்கி ஏறியது. சேற்றுத் தண்ணீர் ஒரு சேலையகலத்துக்கு விரிந்து எழும்பி, அந்த உருவத்தின் மேல் முழுவதாக விழுந்தது.

தார் வீதி வந்தபிறகுதான் எல்லாரும் மூச்சு விட்டார்கள். கீழே குரோருட் அடுக்குமாடிகளின் விளக்குகள் தெரிந்தன. சுபேசனுக்குள் வியாபாரி மெல்லத் தலை தூக்கினார். ஆள் நரி கண்டார். வளைக்கரடி கண்டார். தள்ளினார், தின்றார், குறை சொல்லவில்லை. இதைவிட என்ன வேண்டும்?

“எப்படியிருந்தது?” என்று பின்கண்ணாடியைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

நெட்டை மனிதர் யோசித்து, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“வியாபாரம் முடிஞ்சுது மச்சாள்!” என்று சுபேசன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். “இனித் தட்டுக் கழுவுறதுக்கு வேறை ஆளைப் பாக்கட்டும்.”

குரோருட் சிவப்பு விளக்கில் ஜீப் நின்றது. கிடங்குக்குள் சிக்னல் இல்லாமல் செத்துக் கிடந்த கைத்தொலைபேசிக்கு உயிர் வந்தது. மணி அடித்தது. திரையில் பெயர் ஒளிர்ந்தது.

ஆன்ட்ரியாஸ்.

சுபேசன் திரையைப் பார்த்தார். பின்கண்ணாடியைப் பார்த்தார். நெட்டை மனிதரின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. இரண்டிலும் தொலைபேசி இல்லை.

தொலைபேசி இன்னொரு முறை அடித்தது. நின்றது.

“ரண்டு தரம்,” என்று பூமணி முணுமுணுத்தாள்.

ஆரணி தொலைபேசியைப் பறித்து, அதே இலக்கத்துக்கு அடித்து, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

“சுபே... சான்?”

கிடங்கில் கேட்ட அதே குரல். ஜீப்புக்குள் யாரோ முருகா என்றார்கள்.

“நான் ஆன்ட்ரியாஸ்,” என்றது குரல். பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. “பயணம் தொடங்குகிற இடம் மணல்கிடங்கு என்று நினைத்து, சைக்கிளில் அங்கே வந்து நின்றேன். உங்கள் விளக்கைக் கண்டு இரண்டு தரம் கூப்பிட்டேன், விளக்கை அணைத்துவிட்டீர்கள். தேடிக்கொண்டு வந்து, கிட்ட நின்று, திரும்பவும் இரண்டு தரம் கூப்பிட்டேன்.”

“மூன்றாந்தரம்...” சுபேசன் தொலைபேசிப் பக்கம் குனிந்தார். “மூன்றாந்தரம் ஏன் கூப்பிடவில்லை?”

“இரண்டு தரம் கூப்பிட்டும் ஒருவர் பேசாமலிருந்தால், அவருக்குப் பேச விருப்பமில்லை என்றுதானே அர்த்தம்? அதற்கு மேல் கூப்பிடுவது தொந்தரவு.” குரல் ஒருதரம் தும்மியது. “அந்தத் தண்ணீரும் அதைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை எங்கள் ஹோட்டலிலிருந்து ஒன்றும் எதிர்பார்க்கவேண்டாம். நல்லிரவு.”

பச்சை விளக்கு விழுந்தது. சுபேசன் ஜீப்பை எடுக்கவில்லை. விரல் நுனிகள் சுருங்குவதை உணர்ந்தார். பிறகுதான் அந்தக் கேள்வி, குளிர்ந்த கையொன்று பிடரியில் பட்டதுபோல, அவருக்குள் இறங்கியது. அப்படியென்றால் பின்னால் இருப்பது?

ஞானவேல் எப்போதோ முன்னிருக்கைக்குப் பாய்ந்து பூமணியின் மடியில் அரைவாசி உட்கார்ந்திருந்தார். நான்கு பேரும் மெதுவாகத் திரும்பினார்கள்.

நெட்டை மனிதர் மறுபடியும் மூக்குவரை சுற்றியிருந்த சால்வையைத் தளர்த்தினார். முன்னால் குனிந்தார். இரவு முழுவதும் அடக்கி வைத்திருந்ததை ஒருவழியாக, மிகுந்த கூச்சத்தோடு சொன்னார்:

“மன்னிக்கவும், ஓட்டுநரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் இருந்தேன்... இது ரீ-பானே ரயிலுக்குப் பதிலாக விட்ட வண்டிதானே? ஸ்டோவ்னருக்கு இன்னும் எத்தனை தரிப்பு?”