ஒத்திகையில் புறப்பட்டுப் போனவள்

சக்கரம், பாய்மரம், விமானம் என்று மனிதகுலம் பயணத்துக்காகக் கண்டுபிடித்தவை பல. ஆனால் இவை எல்லாம் புறப்பட்ட பிறகு உதவுபவை. புறப்படுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை புறப்பட்டுவிடலாம் என்ற மகத்தான உண்மையைக் கண்டுபிடித்த பெருமை அந்தப் பல்கலைக்கழகத்தின் 'வெளிநாட்டுப் பயண ஆயத்தப் பிரிவை'யே சேரும்.

நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், முன்பு பழைய விடைத்தாள்கள் குவிந்து கிடந்த அறையில் அந்தப் பிரிவு இயங்கியது. உள்ளே ஓர் இயக்குநர், ஓர் உலக வரைபடம், நான்கு சுவர்க்கடிகாரங்கள். ஒவ்வொரு கடிகாரத்தின் கீழும் ஒரு பெருநகரத்தின் பெயர். மூன்று கடிகாரங்கள் நின்றுபோயிருந்தன. நின்ற கடிகாரமும் அந்த நிமிடத்தில் உலகின் ஏதோ ஓர் ஊருக்குச் சரியான நேரத்தையே காட்டுகிறது என்பது இயக்குநரின் வாதம். யோசித்துப் பார்த்தால் அதில் தவறில்லை. மணிக்கொரு தடவை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் போதும்.

இயக்குநர் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. அதுவே அவருடைய தகுதி. ஒரு நாட்டுக்குப் போய் வந்தவருக்கு அந்த நாடு மட்டும்தான் தெரியும். தமக்கு எல்லா நாடும் ஒன்று என்பார்.

இந்தப் பிரிவிடம்தான் மண்புழு வந்து சேர்ந்தாள். விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. மண்புழுக்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசியதால் வகுப்பில் ஒட்டிக்கொண்ட பெயர், மெல்ல ஊர்ந்து வீடுவரை வந்துவிட்டது. அவளை வளர்த்த அத்தையே "அடியே மண்புழு, சோறு ஆறுது" என்றுதான் கூப்பிடுவாள். கடல் கடந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், மழைப் பருவத்தில் மூன்று மாதம் மண்புழுக்களோடு வேலை செய்ய ஒரே ஓர் இடம் இருந்தது. இருநூறு பேர் கேட்ட அந்த இடம் அவளுக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை காலைக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் பட்டியலின் இரண்டாவது பெயருக்குப் போய்விடும். மழை விழுந்ததும் புழுக்கள் மேலே வரும். அவை யாருடைய வருகைக்காகவும் காத்திருப்பதில்லை. அந்த ஊர்ப் பேராசிரியை பயண ஆயத்தம் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'ரப்பர் பூட்ஸ் கொண்டு வரவும்.'

ஒரு வரியை நம்பி ஒரு பெண் கடல் கடப்பதா? பிரிவு அவளுக்கு நாற்பத்திரண்டு நிலைகள் கொண்ட திட்டத்தை அளித்தது. நாற்பத்திரண்டும் முடிந்தால்தான் இயக்குநர் கையெழுத்திடுவார். கையெழுத்து இல்லாமல் போனால் மூன்று மாதமும் 'வகுப்புக்கு வரவில்லை' என்று பதிவாகி, பட்டம் அந்தரத்தில் தொங்கும்.

வரிசையில் நிற்பதற்கு ஒரு வகுப்பு நடந்தது. ஜன்னல் இருக்கை கிடைக்காதவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ள இன்னொன்று. வீட்டு நினைப்பு வந்தால் நிரப்புவதற்கு 'ஏக்கப் படிவம்' தந்தார்கள். மூன்று பிரதிகள், கண்ணீர் படாமல். இதையெல்லாம் கேட்ட அத்தை, கைக்குழந்தையாக வந்தவளை இவ்வளவு பெரியவளாக்க நாற்பத்திரண்டு நிலை தேவைப்படவில்லையே என்று மோவாயில் கைவைத்தாள்.

நாற்பத்திரண்டாவது நிலைதான் சிகரம்: முழு ஒத்திகை. புதன்கிழமை பரீட்சை மண்டபம் விமான நிலையமாகியது. பெட்டியை எடைபோட வேதியியல் ஆய்வகத்துத் தராசு வந்தது. அது இருநூறு கிராமுக்கு மேல் தாங்காது என்பதால் அவளுடைய உடைமைகளை ஒவ்வொரு காலுறையாக நிறுத்துக் கூட்டினார்கள். பூட்ஸை மட்டும் நம்பிக்கையின் பேரில் விட்டார்கள்.

நாட்டைவிட்டுப் போகிறவர்களின் கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் அதிகாரியாக அமர்ந்தவர் நூலகர். அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். முப்பது ஆண்டுகளில் முத்திரை விழாத ஒரு புத்தகத்தை அவர் வாசலைத் தாண்டவிட்டதில்லை. முத்திரை குத்துவது ஒரு கலை. ஓங்கி அடித்தால் மை சிதறும். தயங்கினால் பாதி எழுத்து விழாது. நேராக வைத்து, இம்மியளவு உருட்டி, செங்குத்தாக எடுக்க வேண்டும். அன்றைக்கென்றே செய்வித்த முத்திரையும் அவர் கைக்கு ஏற்றதாக இருந்தது. வட்டம், நடுவில் விமானம், கீழே 'வெளியேறினார்', பல்சக்கரத்தில் திருகி மாற்றும் தேதி. 'ஒத்திகை' என்ற சொல்லையும் சேர்க்கவா என்று முத்திரை செய்தவர் கேட்டிருந்தார். அப்படிப் போட்டால் யாரும் மனசாரப் புறப்படமாட்டார்கள் என்று இயக்குநர் மறுத்துவிட்டார்.

மாதிரிக் கடவுச்சீட்டுகள் மட்டும் அச்சகத்திலிருந்து வந்துசேரவில்லை. மண்புழு தன்னுடையதை நீட்டும்போது கை தயங்கியது.

"சார், இது அசல் பாஸ்போர்ட். இதுல குத்தலாமா?"

"ஒத்திகைதானேம்மா" என்றார் இயக்குநர்.

நூலகர் முத்திரையின் மேல் வாயால் ஊதினார். நேராக வைத்தார், உருட்டினார், எடுத்தார். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. மண்டபம் கைதட்டியது. இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் அசல் விமான நிலையத்தில் அசல் அதிகாரி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, நின்றார்.

"எந்த ஊருக்குப் போனீங்க?"

"எங்கயும் போகல சார். அது ஒத்திகை. எங்க பரீட்சை ஹால்ல."

"புதன்கிழமை வெளிய போயிருக்கீங்க. திரும்பி உள்ள வந்ததுக்கு ஒண்ணும் இல்ல. ஏற்கெனவே வெளிய இருக்கிறவங்கள நான் எப்படிம்மா வெளிய அனுப்பறது?"

பக்கத்துக் கூண்டிலிருந்தவரையும் அழைத்துக் காட்டினார். இருவரும் அதைத் தங்கள் முத்திரையோடு ஒப்பிட்டார்கள். இது தங்களுடையதைவிடத் தெளிவாக விழுந்திருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். சந்தேகமே அதனால்தான் வருகிறது என்றும் சொன்னார்கள்.

மண்புழு இயக்குநருக்குத் தொலைபேசியில் பேசினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் தழுதழுத்தது.

"அசல் அதிகாரியே நம்பிட்டாரா?"

"சார், ஃப்ளைட்டுக்கு நாற்பது நிமிஷம்தான் இருக்கு. அது பொய் முத்திரைன்னு நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"பொய்னு எப்படிம்மா சொல்றது? துணைவேந்தரே ஒப்புதல் குடுத்த முத்திரை அது. ஒண்ணு செய். அவர் நம்பினாருன்னு ரெண்டு வரி எழுதி வாங்கிட்டு வந்துடு."

கண்ணாடிக்கு அப்பால் விமானம் மெல்லத் திரும்பி ஓடுபாதைக்குப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பத்திரண்டு நிலைகளில் இதற்கென்று ஒன்றும் இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வழியனுப்பிவிட்டு வீட்டுக்குப் போக மனமில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"போயிட்டு வந்துட்டியா?"

மண்புழு அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஏக்கப் படிவம் பெட்டியின் அடியில் கிடந்தது.

திங்கட்கிழமை அவள் நூலகரிடம் போய் முத்திரையை ரத்துசெய்யக் கேட்டாள். அந்த அதிகாரி சொன்னதுதான் நியாயம், வெளியே போன புத்தகம் திரும்பி வராமல் அதையே மறுபடி எப்படிக் கொடுப்பது என்று நூலகர் விளக்கினார். ஆனாலும் ஈரநெஞ்சக்காரர். 'திரும்பி வந்தார்' என்று பக்கத்திலேயே இன்னொன்றைக் குத்திக்கொடுத்தார். அதுவும் பிசகவில்லை. இரண்டையும் பார்த்த கடவுச்சீட்டு அலுவலகம் புத்தகத்தையே செல்லாததாக்கி, புதியதற்கு விண்ணப்பிக்கச் சொன்னது. கடலுக்கு அப்பால் மழை தொடங்கியது; இரண்டாவது பெயர்க்காரர் அவளுடைய புழுக்களிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மழைக்கு அவளுக்கே இடம் உண்டு என்றும், பூட்ஸை மறக்க வேண்டாம் என்றும் பேராசிரியை எழுதினார்.

பிரிவு சோர்ந்துவிடவில்லை. 'மாணவி ஒருவர் வெளிநாடு சென்று ஐந்தே நாளில் பத்திரமாகத் திரும்பினார். பொருள் இழப்பு இல்லை. உடல்நலக் குறைவு இல்லை' என்று ஆண்டறிக்கை பெருமைப்பட்டது. அடுத்த ஆண்டு புதிய மாணவர்களிடம் பேச 'அனுபவம் வாய்ந்த பயணி' என்று மண்புழுவையே அழைத்தார்கள்.

"நான் போகவே இல்லையே சார்" என்றாள்.

"அதனாலதாம்மா உன் பயணத்துல ஒரு குறையும் இல்ல" என்றார் இயக்குநர். மனதாரத்தான் சொன்னார்.

அறுபது பேர் குறிப்பேட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். அவள் ஒலிபெருக்கியின் முன்னால் நின்று, இயக்குநரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"வெளிநாடு போகணும்னா ஒண்ணே ஒண்ணு செஞ்சா போதும். இந்தப் பிரிவு இருக்கிற மாடிக்கு ஏறாதீங்க."

அறுபது பேனாக்களும் அதை எழுதிக்கொண்டன. இயக்குநர் கோபப்படவில்லை. விமர்சனத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் அரிய அதிகாரிகளில் அவர் ஒருவர். அவரும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் நாற்பத்து மூன்றாவது நிலை ஒட்டப்பட்டிருந்தது: 'ஆயத்தப் பிரிவுக்கு வராமல் இருப்பது எப்படி? ஆறு வாரப் பயிற்சி. இடம்: இரண்டாவது மாடி. வருகை கட்டாயம்.'

அதன் கீழே பயிற்சிக்கு வரவேண்டியவர்களின் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. மழைக்கு ஐந்து வாரம் இருந்தது.