கட்மல் இல்லை, அதைவிடச் சின்னது

அரைகுறை ஹிந்தியில் காய்கறி வாங்கலாம், ஆட்டோக்காரரிடம் சண்டைகூடப் போடலாம். அறிவியல் மட்டும் விளக்கக் கூடாது. இது தெரியாமல்தான் டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு நின்று மண்ணைக் கவ்வினேன். வாசல் பலகையில் என் பெயர் ஏற வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை!

தேர்தல் நேரம் பார்த்து ஓயாத தும்மல். மேடையில் தும்மினால் மானம் போய்விடுமே என்று டாக்டரிடம் ஓடினேன். "மெத்தையில தூசிப்பூச்சி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. விரிப்பை வெந்நீர்ல துவைங்க, மெத்தையை வெயில்ல போடுங்க, துணி சோஃபா பக்கமே போகாதீங்க" என்றார்.

தேர்தல் கூட்டத்தன்று காலை பனிமூட்டம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. மெத்தை, தலையணை, குளிருக்குப் போர்த்தும் ரஜாய் எல்லாவற்றையும் கீழே பூங்கா வேலியில் பரப்பினேன்.

"எலெக்‌ஷன் முடியட்டுமே, இன்னிக்கேவா கடை பரப்பணும்?" என்றாள் மனைவி. (கேட்டேனா?)

என்னை எதிர்த்து நின்ற குப்தாஜி நடைப்பயிற்சியை நிறுத்தினார். "க்யா ஹுவா ஜீ? கட்மல்?"

மூட்டைப்பூச்சியா என்கிறார்! எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நஹீ நஹீ! கட்மல் நஹீ. உஸ்ஸே பீ சோட்டா!" (அதைவிடச் சின்னதாம்.)

"அச்சா?"

"திக்தா நஹீ. லேகின் லாக்கோ ஹை!" கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லட்சக்கணக்கில் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். குப்தாஜி பின்வாங்கினார். அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, சுற்றி நின்ற வாக்காளர்களையும் பார்த்து அன்போடு சேர்த்தேன்: "ஆப்கே கர் மே பீ ஹை!" (உங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஓட்டுக் கேட்கிற லட்சணம்!)

மாலையில் ஒரு தும்மல்கூட இல்லாமல் பேசி முடித்தேன். கேட்டவர்கள்தான் சொறிந்துகொண்டே இருந்தார்கள். முன்வரிசையில் ஈ காக்கை இல்லை.

குப்தாஜி அமோகமாக ஜெயித்தார். பதவியேற்றதும் அவர் செய்த முதல் நற்பணி, எங்கள் வீட்டுக்குப் பூச்சிமருந்து அடிக்க ஆள் அனுப்பியது.

இன்றும் இந்தக் கட்டடத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் மற்றவர்களுக்கு சோஃபா. எங்களுக்கு மட்டும் பால்கனியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரும். என் முகம் சுருங்குவதைப் பார்த்தால் போதும், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த மகள் காதோரம் குனிவாள்:

"அச்சா ஹீ ஹை, நல்லதுதான் அப்பா. டாக்டர் துணி சோஃபா வேண்டாம்னுதானே சொன்னார்?"