ஏழாவது தபா

பச்சை எழுத்துத் திரையில் ‘பதில் இல்லை’ என்று மறுபடியும் வந்தது. திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டின் எடைமேடை அறையில் நோயல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

மேடைமேல் தௌசீஃபின் லாரி. நாலு மணிக்குள் துறைமுக கேட்டைத் தொடாவிட்டால் அந்தப் பெட்டிக்கு இன்றைக்குக் கப்பல் இல்லை. இன்னொரு முறை மக்கர் செய்தால் இந்தப் பழைய கம்ப்யூட்டர் காயலான் கடைக்குத்தான் என்று மேனேஜர் வரலட்சுமி காலையில்தான் சொல்லியிருந்தார்.

“இன்னா நைனா, எடைச் சீட்டு வருமா வராதா?” தௌசீஃப் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.

“வரும் மாமு. இது ஏமாத்தாத மிஷின். எடைக்கு ஒரு எண் போட்டு ஆபீஸுக்கு அனுப்பும். அந்தப் பக்கம் எல்லாம் சரியா கீதான்னு கூட்டிப் பாத்து, ‘சேந்துச்சு’ன்னு பதில் சொல்லும். பதில் வரலையா, அதே எண்ல திருப்பி அனுப்பும். ரெண்டு தபா போய்ச் சேந்தாலும் எண்ணைப் பாத்து ஒண்ணைத் தள்ளிடும்.”

“அப்போ பதில் எங்க?”

அதே எண்ணில் பத்து தடவை அனுப்பியும் பதில் இல்லை. மிஷின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை நோயல் கூட்டினான். பின்னால் நின்ற லாரிகள் ஹாரனைக் கூட்டின.

“ஒரு போன் போட்டுக் கேளேன்!”

“மனுசன் வாய் மாத்திச் சொல்லும். மிஷின் சொல்லாது.”

எண்ணில்தான் கோளாறு என்று தீர்மானித்து, மிஷினை நிறுத்தித் தொடங்கி அதே லாரிக்குப் புது எண் கொடுத்தான். பதில் இல்லை. இன்னொரு புது எண். அதுவும் இல்லை. ஆறாவது எண் போவதற்குள் லாரி வரிசை எண்ணூர் சாலையில் கால் வைத்துவிட்டது. மணி மூன்றேகால்.

“பேஜாரு பண்ணிட்டியே!”

“இந்தத் தபா பாரு மாமு,” என்று ஏழாவதையும் தட்டினான் நோயல், துளியும் கலங்காமல்.

ஆபீஸ் கிளார்க் சுஜா ஓடி வந்தாள். கையில், ஆபீஸில் அச்சாகி வந்த எடைச் சீட்டுகள் கத்தையாக. ஒன்றை உருவி தௌசீஃபிடம் திணித்தாள். லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது.

“இன்னாண்ணே, மொதல் தபாவே சேந்துடுச்சு! பதில் போற ஒயரைத்தான் என் டேபிள் பின்னாடி எலி கடிச்சுக்கீது. நீ புதுசு புதுசா எண் குடுத்தா, அது புதுசு புதுசா லாரின்னு தானே எழுதிக்கும்? வண்டி நம்பரைப் பாத்தப்புறம்தான் எனக்கே வெளங்குச்சு.”

அப்போதுதான் முதல்முறையாக நோயலின் முகம் வாடியது. “மேடம் பாத்துட்டாங்களா?”

“எண்ணிக்கையை மட்டும் பாத்தாங்க. அரை மணி நேரத்துல ஏழு லாரி எடை போட்டுக்கீதேன்னு, இதே மாதிரி பழைய மிஷின் இன்னொண்ணு தேடி வாங்கியாரச் சொன்னாங்க.”